பினாங்குக்குப் போன கோடிச்சேலை

எங்கள் அப்பா பச்சைமுத்து பெங்களூர் குடிநீர் வாரியத்தில் வால்வ்மேன். ஜீவனஹள்ளி முழுக்க, காக்ஸ் டவுனில் பாதி, ரிச்சர்ட்ஸ் டவுனில் நாலு தெரு, இத்தனைக்கும் தண்ணீரைத் திறப்பதும் மூடுவதும் அவர்தான். நெஞ்சுயர இரும்புச் சாவி ஒன்று வைத்திருப்பார். தெருவோரத்து மூடியைத் தூக்கி, சாவியைக் குழிக்குள் இறக்கி, இரண்டு கையாலும் திருகுவார். பிறகு சாவியின் தலையில் காதை வைத்துக் கண்ணை மூடிக்கொண்டு நிற்பார். தண்ணீர் எந்தத் தெரு வரைக்கும் போயிருக்கிறது என்று அந்தச் சத்தத்திலேயே அவருக்குத் தெரிந்துவிடுமாம். சின்ன வயதில் நானும் காதை வைத்துப் பார்த்திருக்கிறேன். காது சில்லிட்டதுதான் மிச்சம்.

ஒரு நாள் விட்டு ஒரு நாள், விடியற்காலை நாலு மணிக்குத் தண்ணீர். ஐந்து நிமிஷம் பிந்தினால் மூலைவீட்டுச் சந்திரம்மா காலிக் குடத்தோடு எங்கள் வாசலுக்கே வந்து நிற்பாள். அதனால் முறை நாளோ இல்லையோ, அப்பா நாலு மணிக்கு எழுந்து உட்கார்ந்துவிடுவார். தண்ணீர் இல்லாத நாளிலாவது மனுஷியைத் தூங்கவிடக் கூடாதா என்று அம்மா பாஞ்சாலி போர்வைக்குள்ளிருந்தே திட்டுவாள். அவர் காதில் விழாது. தண்ணீர் சம்பந்தப்படாத எந்தச் சத்தமும் அவர் காதில் விழாது. இதை நான் கோபத்தில் சொல்லவில்லை. சரி, கொஞ்சம் கோபமும் உண்டு.

அப்பேர்ப்பட்ட தண்ணீர்க்காரர் ஐம்பத்து மூன்று வயது வரைக்கும் கடலைப் பார்த்ததில்லை. ஆனால் கடலோரத்தில் அவருக்கு ஒரு அக்கா இருந்தாள்.

எல்லம்மா அத்தை அப்பாவைவிட நாலு வயது மூத்தவள். அறுபத்திரண்டில், பினாங்குத் துறைமுகத்தில் வேலை பார்த்த ஒரு தூரத்து உறவுக்காரரைக் கட்டிக்கொண்டு கப்பலேறினாள். வழியனுப்ப மதராஸ் வரைக்கும் தாத்தா போனார். பதினாலு வயது அப்பாவுக்குக் கன்டோன்மெண்ட் ஸ்டேஷனோடு சரி. ரயில் நகரும்போது அத்தை ஜன்னல் வழியாக ஒரு கொய்யாப்பழத்தைக் கையில் திணித்து, கடல் எப்படி இருக்கிறது என்று எழுதுகிறேன் என்றாளாம். எழுதவும் செய்தாள். "தண்ணி ரொம்ப இருக்குது" என்று ஒரே வரி. அப்பா அந்த ஒரு வரியை வைத்துக்கொண்டே முப்பத்தொன்பது வருஷம் ஓட்டினார்.

எண்பத்தொன்பதில் மாமா இறந்துபோனார். எங்கள் பக்கத்தில் ஒரு பெண்ணின் புருஷன் செத்தால், அவள் பிறந்த வீட்டிலிருந்து அண்ணனோ தம்பியோ கோடிச்சேலை கொண்டுபோய் அவள் தோளில் போர்த்த வேண்டும். உனக்கு இன்னும் ஒரு வீடு இருக்கிறது என்று ஊருக்கு முன்னால் சொல்கிற காரியம் அது. தந்தி வந்தபோது அப்பாவிடம் பாஸ்போர்ட் கிடையாது. பாஸ்போர்ட் எங்கே கொடுக்கிறார்கள் என்றே தெரியாது. அன்றைக்கு முறை நாள் வேறு. தந்தியைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு தெருத் தெருவாக வால்வைத் திறந்துவிட்டு வந்து, அடுப்படியில் உட்கார்ந்து அழுதார். அவர் அழுததை நான் பார்த்தது அதுதான் முதல் தடவை.

ஒரு மாதம் கழித்து அத்தையின் கடிதம் வந்தது. பிறந்த வீட்டுக்குப் பதிலாகப் பக்கத்து வீட்டுச் சீனத்து அம்மா ஒரு துணி வாங்கி வந்து போர்த்தினாளாம். கடைசியில் இப்படி எழுதியிருந்தாள்: "இதுக்குத்தான் வரல. என் கட்டைக்காவது பொறந்த வீட்டுக் கோடி வரட்டும். அதை மட்டும் மறந்துடாத முத்து." பெண் செத்தாலும் அவள் உடம்புக்குப் பிறந்த வீட்டுச் சேலைதான் கடைசிச் சேலை. அதைத்தான் கேட்டிருந்தாள். அப்பா அந்தக் கடிதத்தை நாலாக மடித்து ஒரு பிளாஸ்டிக் பையில் போட்டு, சாவி மாட்டுகிற ஆணியிலேயே மாட்டினார். சாவியை எடுக்கும்போதெல்லாம் அது கையில் இடிக்கும்.

தொண்ணூற்றொன்று டிசம்பரில் அத்தை ஊருக்கு வருவதாக இருந்தாள். பெங்களூரில் தமிழர்களைத் தேடி அடித்த காவிரிக் கலவரம் வந்தது. வர வேண்டாம் என்று அப்பாவே தந்தி கொடுத்தார். ஊர் அடைத்துக் கிடந்த அந்த நாட்களிலும் அவர் நாலு மணிக்குப் போய்த் தண்ணீரைத் திறந்தார். கூட வேலை பார்க்கிற கன்னடக்காரன் மஞ்சுநாத் தன் ஏரியாவை முடித்துவிட்டு ஓடிவந்து அவருக்குத் துணையாக ஜீவனஹள்ளி முழுக்க நடந்தான். அதன் பிறகு அத்தை வருகிற பேச்சை எடுக்கவே இல்லை.

இரண்டாயிரத்து ஒன்றில் அத்தை மகன் நாகேஷ் போன் பண்ணினான். அம்மாவுக்கு நெஞ்சில் அடைப்பு, மருந்தில் ஓடுகிறது, எத்தனை நாள் என்று டாக்டர் சொல்ல மாட்டேன் என்கிறார், தம்பியைப் பார்க்க வேண்டும் என்கிறாள் என்றான். அப்பாவுக்கும் எனக்கும் அவனே டிக்கெட் அனுப்பினான். அம்மாவுக்கும் அனுப்புவதாகத்தான் சொன்னான். ஆகாயத்தில் போக நான் என்ன கழுகா என்று அம்மா முடித்துவிட்டாள். நான் காக்ஸ் டவுனில் ஒரு நர்சரி பள்ளியில் டீச்சர். எனக்கு மூன்று வாரம் லீவு கிடைத்தது. அப்பா பணியில் சேர்ந்து இருபத்தெட்டு வருஷத்தில் முதல் நீண்ட லீவு எழுதிக்கொடுத்தார். தன் சாவியை மஞ்சுநாத்திடம் ஒப்படைத்தபோது அவன், "சமுத்ரக்கூ வால்வ் ஹாக்பேடப்பா" என்றான். கடலுக்கும் வால்வு போட்டுவிடாதே என்று கன்னடத்தில் கிண்டல். அப்பா சிரிக்கவில்லை. எந்தத் தெருவுக்கு எத்தனை சுற்று என்று மூன்றாவது தடவையாகச் சொல்லிக்கொண்டிருந்தார்.

கிளம்புவதற்கு முதல் நாள்தான் அம்மா அதைக் கண்டுபிடித்தாள். ராகி மாவு, அவரைக்கொட்டை, பொட்டுக்கடலை எல்லாவற்றுக்கும் அடியில், செய்தித்தாளில் சுற்றி, ஒரு சேலை. இலைப் பச்சை, அரக்குக் கரை. சிக்பேட்டையில் எடுத்தது. நல்ல சேலைதான். ஆனால் புதுத்துணி எடுத்தால் ஓரத்தில் மஞ்சள் வைத்துத்தான் உள்ளே வைப்போம். இதில் மஞ்சள் இல்லை. அம்மாவுக்கு உடனே புரிந்துவிட்டது.

"உசுரோட இருக்கறவளுக்குக் கோடி எடுத்துக்கினு போறியேய்யா, உனக்குப் புத்தி கித்தி கெட்டுப்போச்சா?"

அப்பா அவளைப் பார்க்காமலே பதில் சொன்னார். "அக்கா போயிட்டா சேதி வரும். அப்பால விசா, டிக்கெட், மூணு நாள் ஆவும். எவன் கட்டைய மூணு நாள் வெச்சிக்கினு இருப்பான்? ஒரு தபா தவற வுட்டேன். போதும்."

அவர் சொன்னது அத்தனையும் நிஜம். ஆனால் சீக்காளி மனுஷி கையில் அவள் சாவுச் சேலையை எப்படிக் கொடுப்பது? பார்த்தவுடனே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்துவிட்டால்? கன்டோன்மெண்ட் பிளாட்பாரத்தில், சென்னை ரயில் கிளம்பும் நேரத்தில், அம்மா என் காதோடு சொன்னாள்: எப்படியாவது எடுத்துக் கடலில் விட்டுவிடு, கடலுக்குத் தோஷம் கிடையாது. நான் சரி என்றேன். அப்பா பக்கத்தில் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு, முப்பத்தொன்பது வருஷத்துக்கு முன்னால் தான் நின்ற இடத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

விமானத்தைப் பற்றி நான் நிறைய எழுதலாம். அப்பாவைக் கேட்டால் ஒன்றே ஒன்றைத்தான் சொல்வார்: கழிவறையில் தண்ணீர் எங்கேயிருந்து வருகிறது, எங்கே போகிறது என்று கண்டுபிடிக்க முடியவில்லை. அதற்காக நாலு தடவை போனார். ஐந்தாவது தடவை நான் பெல்ட்டைப் பிடித்து உட்காரவைத்தேன்.

கோலாலம்பூரில் நாகேஷ் காரோடு காத்திருந்தான். முப்பது வயது, அப்பாவின் அதே மூக்கு. வடக்கே ஐந்து மணி நேரம் காரில் போய், பட்டர்வொர்த் என்ற ஊரில் காரோடு ஒரு பெரிய படகில் ஏறினோம். பாலம் வழியாகவும் போகலாம், மாமா தண்ணீரைப் பார்க்கட்டும் என்றுதான் படகு என்றான் நாகேஷ். சாயங்கால வெயில் தண்ணீர் மேல் கிடந்தது. படகு நகர்கிறதா, எதிரே பினாங்குத் தீவு நகர்ந்து வருகிறதா என்று எனக்குத் தெரியவில்லை. அப்பா காரை விட்டு இறங்கிப் போய்க் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார். கொஞ்ச நேரம் கழித்து, "அக்கா சரியாத்தான் எழுதியிருந்தா. ரொம்பத்தான் இருக்குது" என்றார்.

அத்தை வீடு தஞ்சோங் தோக்கோங்கில். வீட்டுக்குப் பின்னால் நாலைந்து சவுக்கு மரங்கள், அதைத் தாண்டினால் மணல், பாறை, கடல். வாசலில் வெளிர்ச் சாம்பல் சேலையில் ஒரு குள்ள அம்மாள் நின்றுகொண்டிருந்தாள். மாமா போனதிலிருந்து அவள் அடர் நிறமே கட்டியதில்லையாம். அப்பா படியருகில் நின்றுவிட்டார். அவளும் இறங்கவில்லை. இருவரும் அப்படியே பார்த்துக்கொண்டு நின்றார்கள். கடைசியில் அத்தைதான் வாயைத் திறந்தாள்.

"இன்னாடா, தலையெல்லாம் கொட்டிப்போச்சு? உள்ள வா, கால் கழுவு."

அப்பா குழாயடியில் கால் கழுவினார், கழுவினார், கழுவிக்கொண்டே இருந்தார். முகத்தைத் துடைத்துக்கொள்ள அவருக்கு அந்த நேரம் வேண்டியிருந்தது. அன்று இரவு பெட்டியிலிருந்து ராகி மாவை எடுக்கிற சாக்கில் நான் செய்தித்தாள் பொட்டலத்தை உருவி என் பைக்கு மாற்றிவிட்டேன்.

அடுத்து வந்த நாட்களை இப்போது நினைத்தாலும் எனக்குக் கொஞ்சம் மயக்கமாகத்தான் இருக்கிறது. அந்த ஊரில் காலை ஏழுக்கு மேல்தான் வெளிச்சம் வரும். நம்ம ஊர் நாலு மணி அங்கே ஆறரை. அப்பா சரியாக ஆறரைக்கு எழுந்து, இருட்டில் சவுக்கு மரங்களுக்கு நடுவே நடந்து போவார். தூக்கமும் விழிப்புமாக எனக்கு அவர் செருப்புச் சத்தம் கேட்கும், பிறகு அலைச் சத்தம் கேட்கும், பிறகு இரண்டும் ஒன்றாகிவிடும். ஜன்னல் திரை தானாக உள்ளே வந்து தானாக வெளியே போகும். பெங்களூரில் எனக்கு ஒரு வேலை இருக்கிறது, முப்பத்திரண்டு குழந்தைகள் இருக்கிறார்கள் என்பதெல்லாம் யாரோ சொன்ன சேதியாகத் தோன்றும். பகல் முழுக்க அத்தை பேசுவாள். ஜீவனஹள்ளியில் அவள் விட்டுவிட்டு வந்த ஒவ்வொரு மரத்தையும் கேட்பாள். பாதி மரம் இல்லை. இருக்கிறது என்று அப்பா கூசாமல் பொய் சொல்வார்.

அப்பா கடலோடு சண்டைக்கு நின்றது மூன்றாம் நாளில். தண்ணீர் ஏறுகிறது, பிறகு வெகுதூரம் வற்றிப் போய்ச் சேறு தெரிகிறது, மறுபடி ஏறுகிறது. நம்ம ஊரில் ஒரு நாள் விட்டு ஒரு நாள், இங்கே ஒரே நாளில் இரண்டு வேளையா என்று வாயைப் பிளந்தார். உடனே ஒரு மூங்கில் கழியைப் பாறைக்குப் பக்கத்தில் நட்டு, நாகேஷிடம் நோட்டு வாங்கி, நேரம் எழுத ஆரம்பித்தார். தினமும் முக்கால் மணி, ஐம்பது நிமிஷம் தள்ளிப் போகிறது. இங்கே தண்ணீர் திறந்துவிடுகிறவன் நேரத்துக்கு வருவதில்லை, சந்திரம்மாவிடம் மாட்டியிருந்தால் தெரிந்திருக்கும் என்று அவருக்குக் கோபம். ஐந்தாறு நாளில் கோபம் போய்விட்டது. பிந்தி வந்தாலும் ஒரு ஒழுங்கில்தான் பிந்துகிறான் என்று மன்னித்துவிட்டார். ஒரு நாள் விடிகாலையில் போய்ப் பார்த்தால், மூங்கில் கழியின் தலையில் காதை வைத்துக் கண்ணை மூடி நிற்கிறார். அத்தை என் பின்னாலேயே வந்திருந்தாள். வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். சிரித்து முடித்ததும் நெஞ்சைத் தடவிக்கொண்டு சவுக்கு மரத்தில் சாய்ந்துகொண்டாள். மூச்சு திரும்ப வெகுநேரம் ஆனது.

அந்த மூச்சைப் பார்த்த பிறகுதான் எனக்குப் பயம் வந்தது. இவளிடம் போய் எப்படிக் கொடுப்பார்? ஆனால் அப்பா பொட்டலத்தைப் பற்றிப் பேச்சே எடுக்கவில்லை. ஒரு நாள் மத்தியானம் பெட்டியைத் திறந்து அடிவரை கையை விட்டுத் துழாவினார். நான் கதவோரத்தில் நின்றிருந்தேன். வெறும் கையை வெளியே எடுத்தார், பெட்டியை மூடினார், போய்க் கழி பக்கத்தில் உட்கார்ந்துகொண்டார். என்னிடம் கேட்கவில்லை. கேட்டிருந்தால் சண்டை போட்டிருப்பேன், சண்டை போட்டால் எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும். இந்த மனுஷர் வாயைத் திறக்காமலே ஆளைச் சாகடிப்பார்.

அம்மா இரண்டு நாளைக்கு ஒரு தரம் போன் பண்ணி, ஆச்சா ஆச்சா என்று கேட்டாள். திரும்புவதற்கு மூன்று நாள் இருந்தது. இதற்கு மேல் தாங்காது என்று பொட்டலத்தை முந்தானைக்குள் மறைத்துக்கொண்டு, அன்று செருப்புச் சத்தம் கேட்காததால் அப்பா தூங்குகிறார் என்று நினைத்துக்கொண்டு, வெளிச்சம் வருகிற நேரத்துக்குக் கடலுக்குப் போனேன்.

கடல் இல்லை.

மணல் முடிகிற இடத்திலிருந்து கண்ணுக்கெட்டிய தூரம் வரைக்கும் சேறு. சின்னச் சின்ன நண்டுகள் ஓடிக்கொண்டிருந்தன. தண்ணீர் எங்கேயோ கோடு மாதிரி தெரிந்தது. கையில் பொட்டலத்தோடு அசட்டுத்தனமாக நின்றேன். அப்போது பாறைக்குப் பின்னாலிருந்து குரல் வந்தது.

"தண்ணி வர இன்னும் ரெண்டு மணி நேரம் ஆவும், மகா. ஒம்பது பத்துக்கு இந்தக் கல்லத் தொடும்."

மடியில் நோட்டோடு அப்பா உட்கார்ந்திருந்தார். பொட்டலத்தைப் பார்த்தார். எனக்கு எங்கே பார்ப்பது என்று தெரியவில்லை. உட்கார் என்று பக்கத்துக் கல்லைக் காட்டினார். உட்கார்ந்தேன். அம்மாதான் சொன்னாள் என்று ஆரம்பித்தேன். தெரியும் என்றார்.

"பெட்டியில இல்லன்னதும் நீதான்னு தெரிஞ்சிபோச்சு. கேட்டா நீ குடுத்துடுவ. குடுத்தா நான் அத அக்கா கையில குடுக்கணும். அதான் கேக்கல." நோட்டை மூடிவைத்துவிட்டுச் சொன்னார்: "பயமா இருந்துச்சும்மா."

எங்கள் வீட்டில் அப்பாவை நைனா என்றுதான் கூப்பிடுவோம். அன்றைக்கு எனக்கு அந்த வார்த்தைகூட வரவில்லை. கோபப்படுவதற்கு ஆள் இல்லாமல் போய்விட்டது. பாறையில் ஒரு பயந்த தம்பிதான் உட்கார்ந்திருந்தார். பொட்டலம் எங்கள் இரண்டு பேருக்கும் நடுவில் கல்லின் மேல் கிடந்தது. தூரத்துக் கோடு மெல்ல அகலமாகிக்கொண்டு வந்தது. எவ்வளவு நேரம் அப்படி உட்கார்ந்திருந்தோம் என்று தெரியாது. சேற்றுக்குள் முதலில் விரல் விரலாகத் தண்ணீர் வந்தது, பிறகு விரல்கள் ஒன்றோடொன்று சேர்ந்தன. இன்னும் கொஞ்சம் பொறுத்தால் பொட்டலத்தை விட்டுவிடலாம். விடு என்று அவரும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை.

பிளாஸ்கில் காபியோடு அத்தை வந்ததை இரண்டு பேரும் கவனிக்கவில்லை. காலைச் சாப்பாட்டுக்கு ஆளைக் காணோம் என்று தேடிக்கொண்டு வந்திருக்கிறாள்.

"அது இன்னாடா பொட்டலம்?"

அப்பா எழுந்து நின்றார். பள்ளிக்கூடத்துப் பையன் மாதிரி நின்றார். நான் கையை நீட்டி எடுப்பதற்குள் அத்தையே எடுத்துவிட்டாள். செய்தித்தாளைப் பிரித்தாள். பச்சைச் சேலை. ஒரு ஓரத்தைத் திருப்பினாள், மறு ஓரத்தைத் திருப்பினாள். மஞ்சளைத் தேடுகிறாள் என்று புரிந்தது. அவள் நெஞ்சையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"எனக்கா?" என்றாள்.

அப்பா தலையை ஆட்டினார். "நீ எழுதியிருந்தியேக்கா. அப்ப என்னால வர முடியாதுக்கா. அதான் இப்பவே."

அத்தை பிளாஸ்கை மணலில் வைத்தாள். கல்லில் உட்கார்ந்தாள். சேலையை மடியில் போட்டு, இரண்டு கையையும் அதன் மேல் வைத்துக்கொண்டாள். அவள் முகம் கோணிக்கொண்டு வந்தது. திட்டப்போகிறாள் என்று நினைத்தேன், திட்டத்தான் செய்தாள். நான் எப்போது மண்டையைப் போடுவேன் என்று காத்துக்கொண்டு இருந்தாயா, இதைத் தூக்கிக்கொண்டா கடல் தாண்டி வந்தாய் என்று ஆரம்பித்து, பாதியில் குரல் உடைந்து அழுதுவிட்டாள். மாமா சாவுக்கு அழ வேண்டிய அழுகையையும் சேர்த்து அழுதாள் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. அப்பா அவள் காலடியில் மணலில் உட்கார்ந்து, அவள் பாதத்தைப் பிடித்துக்கொண்டு அழுதார். நான் மட்டும் யார்? நானும் அழுதேன்.

அழுது முடித்து மூக்கைச் சிந்திவிட்டு அத்தை சேலையை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தாள். கரையை விரலால் நீவினாள்.

"நல்ல கலருடா முத்து. செத்தப்புறம் கட்டினா ஊரே பாக்கும்லா, நான் பாப்பேனா?" என்றாள். பிறகு என் பக்கம் திரும்பினாள். "மகா, ஓடு. சமையக்கட்டுல மஞ்சத்தூள் டப்பா இருக்கு, கொண்டா."

நான் செருப்பில்லாமல் ஓடினேன். டப்பாவோடு திரும்பி வந்தபோது தண்ணீர் அந்தக் கல்லைத் தொட்டுக்கொண்டிருந்தது. அப்பா வழக்கம் விடாமல் கடிகாரத்தைப் பார்த்தார். ஒன்பது பன்னிரண்டு. அத்தை உள்ளங்கையில் மஞ்சளைக் கொட்டி, குனிந்து கடல் தண்ணீரைத் தொட்டுக் குழைத்தாள். சேலையின் ஒரு ஓரத்தில் வைத்தாள், மறு ஓரத்தில் வைத்தாள். மிச்சத்தை என் கன்னத்தில் தடவினாள். அதற்கப்புறம் அது கோடி இல்லை. தம்பி எடுத்துக்கொடுத்த புதுச்சேலை.

அன்று சாயங்காலமே கட்டிக்கொண்டாள். பன்னிரண்டு வருஷத்துக்குப் பிறகு அவள் கட்டிய முதல் அடர் நிறம் அது. நாகேஷ் வேலை முடிந்து வந்து அம்மாவைப் பார்த்து வாசலிலேயே நின்றுவிட்டான். சவுக்கு மரங்களைத் தாண்டி அத்தை, அப்பா, நான் மூன்று பேரும் கடலோரமாக நடந்தோம். அலை வந்து பாதம் வரை ஏறும், கொசுவத்தை நனைக்கும், போகும். அத்தை தூக்கிப் பிடிக்கவே இல்லை. நனையட்டும் என்றாள். அவளுக்கும் அப்பாவுக்கும் நடுவில் நிறைய தூரம் இருந்தது. ஆனாலும் இரண்டு பேரும் ஒரே மாதிரி வலது தோளைச் சாய்த்து நடந்தார்கள்.

அம்மா போனில் கேட்டாள், கடலில் விட்டாச்சா என்று. விட்டாச்சு என்றேன். ஓரம் நனைந்தது நிஜம்தானே.

ஊருக்கு வந்து அப்பா பழையபடி சாவியைப் பிடித்தார். மூங்கில் கழியில் என்ன கேட்டது என்று பல தடவை கேட்டுப் பார்த்தேன். ஒன்றும் கேட்கவில்லை, காதுதான் நனைந்தது என்றார். நோட்டைப் பத்திரமாக வைத்திருந்தார். சில நாள் விடியற்காலையில் அதைப் புரட்டிவிட்டு, இன்றைக்கு அக்கா வீட்டுப் பக்கம் வற்றமாக இருக்கும் என்று கூட்டிக் கழித்துச் சொல்வார். சரியா தப்பா என்று யார் பார்த்தது? ஆணியில் தொங்கிய பிளாஸ்டிக் பையை மட்டும் எடுத்துவிட்டார்.

அத்தை அதற்குப் பிறகு ஐந்து வருஷம் இருந்தாள். டாக்டரே எதிர்பார்க்கவில்லையாம். ஒவ்வொரு தீபாவளிக்கும் போட்டோ வரும். ஒவ்வொரு போட்டோவிலும் அதே பச்சைச் சேலை. கலர் வருஷத்துக்கு வருஷம் வெளுத்துக்கொண்டே வந்தது. வேறு சேலை இல்லையா அந்த அம்மாளுக்கு என்று எங்கள் அம்மாவே அலுத்துக்கொள்வாள். அந்தச் சேலையின் கதையை அதற்குள் அம்மாவுக்குச் சொல்லிவிட்டிருந்தேன். ஒரு வாரம் என்னோடு பேசவில்லை, பிறகு போட்டோவைக் கண்ணாடிச் சட்டத்தில் அவளே செருகிவைத்தாள்.

இரண்டாயிரத்து ஆறு, ஒரு முறை நாள். தண்ணீர் திறக்க அப்பா செருப்பை மாட்டிக்கொண்டிருந்தபோது போன் அடித்தது. நாகேஷ். நான்தான் எடுத்தேன். தூக்கத்திலேயே போய்விட்டாள் என்றான். அப்பாவிடம் கொடுத்தேன். அவர் வெகுநேரம் கேட்டுக்கொண்டே நின்றார். பக்கத்தில் நின்ற எனக்கும் அவன் குரல் கேட்டது. ஒரே ஒரு விஷயத்தை மாமாவிடம் கேட்க வேண்டும் என்றான். அம்மாவுக்கு அந்தப் பச்சைச் சேலையைத்தான் கட்ட வேண்டுமாம், சொல்லி வைத்திருக்கிறாள், பிறந்த வீட்டுக் கோடி அதுதான் என்று. ஆனால் கோடி என்றால் புதுசாக இருக்க வேண்டும் என்கிறார்கள் இங்கே பெரியவர்கள். என்ன செய்யட்டும்?

"ரொம்ப நைஞ்சிபோச்சா?" என்று அப்பா கேட்டார்.

"ரொம்ப, மாமா. ரெண்டு எடத்துல கிழிஞ்சு தச்சிருக்கு."

அப்பா கண்ணை மூடிக்கொண்டார். சாவியில் காதை வைத்து நிற்கும்போது இருக்கிற அதே முகம்.

"அப்ப அதையே கட்டுங்கப்பா," என்றார். "நல்லா கட்டியிருக்கா."

போனை வைத்தார். கதவுக்குப் பின்னால் ஆணியில் இருந்த சாவியை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு இறங்கினார். மணி நாலு ஐந்து. மூலையில் சந்திரம்மா குடத்தோடு நின்றுகொண்டிருந்தாள். ஏன் லேட் என்று கேட்கத்தான் வாயைத் திறந்தாள், அவர் முகத்தைப் பார்த்துவிட்டு நகர்ந்து வழிவிட்டாள்.